கோதண்டத்தின் டிபன் பாக்ஸ்

கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்ட நஸ்ரினுக்கு வயது இருபத்தெட்டு. அவளிடம் லினக்ஸ் கற்றுக்கொண்ட லேப் உதவியாளர் கோதண்டத்துக்கு ஐம்பத்திரண்டு. வயதைப் பார்த்தா வித்தை வருகிறது?

அன்று மூன்று மணிக்குள் ஹால் டிக்கெட் அச்சடித்தாக வேண்டும். வாசலில் முந்நூறு பிள்ளைகள் காத்து நின்றார்கள். அச்சடிக்கும் புரோகிராமோ 'அனுமதி இல்லை' என்று முரண்டு பிடித்தது.

"என் ஃபோல்டர் மேடம். என்னையே உள்ள விடமாட்டேங்குது. ஏன்?"

"காலையில என்ன செஞ்சீங்க?"

"அந்த ஃபோல்டருக்குள்ள நாலு பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ணேன். எதுக்கு வம்புன்னு முன்னாடியே சுடோ போட்டுட்டேன்."

சுடோ என்று அடித்தால் சிஸ்டத்தின் எஜமானனான ரூட்டே வந்து வேலையை முடித்துக் கொடுப்பான். கோதண்டத்துக்கு அதில் கொள்ளை ஆசை.

நஸ்ரின் மணியைப் பார்த்தாள். பன்னிரண்டே முக்கால்.

"அண்ணே, உங்க டிபன் பாக்ஸைப் பிரின்சிபால்கிட்ட கொடுத்துப் பத்திரமா வைக்கச் சொல்லிட்டு வாங்க."

கோதண்டம் விழித்தார். ஆனாலும் குரு சொல்லாயிற்றே, போய்க் கொடுத்தார். பிரின்சிபால் எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். தன் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

ஒரு மணிக்குக் கோதண்டத்தின் வயிறு கூப்பாடு போட்டது.

"பசிக்குது மேடம்."

"சாப்பிடுங்க."

"பாக்ஸ் அவர் பீரோவுல இருக்கே."

"பாக்ஸ் யாரோடது?"

"என்னோடதுதான். ஆனா உள்ள வச்சது அவராச்சே..."

பாதியில் நிறுத்தி நெற்றியில் அடித்துக்கொண்டார். கீபோர்டின் முன் உட்கார்ந்து, சுடோ போட்டதால் ரூட் பெயருக்குப் போயிருந்த அந்த ஒரு ஃபோல்டரைத் தன் பெயருக்குத் திருப்பினார். பிரிண்டர் ஓடத் தொடங்கியது. முதல் ஹால் டிக்கெட் வந்ததும் வாசலில் கைதட்டல். கோதண்டத்துக்குப் பசியே மறந்துபோனது.

சந்தோஷத்தில் கை சும்மா இருக்கவில்லை. இன்னொரு கட்டளையை அடித்தார்.

"இனிமே இந்தத் தொல்லையே வேண்டாம் மேடம். சிஸ்டத்துல இருக்கிற மொத்தத்தையும் என் பேருக்கு மாத்திடறேன்."

விரல் என்டர் மேல் இருந்தது. அழுத்தினால் ரூட்டிடமே இருக்க வேண்டியதும் கைமாறி சிஸ்டம் படுத்துவிடும், மிச்ச டிக்கெட் அதோடு போச்சு. நஸ்ரினுக்கு அது தெரியும். ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"அண்ணே, டிபன் பாக்ஸை வாங்கப் போன இடத்துல நாற்காலியையும் தூக்கிட்டு வந்துட்டா, பிரின்சிபால் எங்க உக்காருவாரு?"

கோதண்டம் விரலை எடுத்தார்.