உப்பாத ரொட்டி

லிங்கதுரை மடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருடைய வலது காலில் நாலு விரல்தான் இருந்தது. சுண்டுவிரலைச் சர்க்கரை வியாதி கொண்டு போயிருந்தது.

திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் தண்ணீர் குடித்து, காலாறிவிட்டுப் போகிற சின்ன மடம் அது. அதைப் பார்த்துக்கொண்டவர் பிரம்மசக்தி. நாற்பத்தைந்து வயசு இருக்கும். ஆனாலும் எல்லோருக்கும் அவர் அம்மாதான். மனசு சரியில்லை என்று வருகிறவர்களிடம் ரெண்டு வார்த்தை பேசுவார். அந்த ரெண்டு வார்த்தைக்காகவே பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு.

லிங்கதுரை அறுபதைத் தாண்டியவர். தூத்துக்குடியில் ஒரு ரொட்டிக் கடையில் வாலிபத்திலிருந்தே மாஸ்டர். பன், ரஸ்க், கேக் எல்லாம் அவர் கைப்பக்குவம்தான்.

கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா, எனக்கு இந்த நாக்கைக் கொல்லணும். வழி சொல்லுங்க."

"நாக்கு என்ன செஞ்சுது அண்ணாச்சி?"

"விரலைத் தின்னுட்டு. அடுத்தது பாதம்னு டாக்டர் சொல்லிட்டாரு. வர்ற மாசம் ரத்தம் எடுத்துப் பாப்பாவளாம். சர்க்கரை இறங்கலைன்னா கத்திதான்."

"பத்தியம் இருந்து பாத்தியளா?"

"இருக்காமயா? ஒரு வாரம் அவிச்ச கீரையும் மோருமா இருப்பேன். அப்புறம் ஒரு நாள், கடையில ஆள் இல்லாத நேரமாப் பாத்து, நாலு தேங்காய் பன்னு உள்ள போயிரும். நின்னமேனிக்கே. மென்னனா முழுங்குனனான்னுகூடத் தெரியாது."

"ருசியா இருக்குமா?"

லிங்கதுரை யோசித்தார்.

"தெரியலையே அம்மா."

கால் கட்டைத் தடவிக்கொண்டே அவர் மேலே சொன்னார்.

"அலுத்துப் போச்சும்மா. விடுறதும் தின்னுறதும் விடுறதும் தின்னுறதும். எனக்கு ஒண்ணுமே வேண்டாம்னு ஆக்கிருங்க. சாமியார்மாரு இருக்காவல்லா, அப்படி. நாக்கு செத்துட்டா நிம்மதியாக் கெடப்பேன்."

அம்மா சமையல்கட்டைக் கையால் காட்டினார்.

"எனக்கும் அதே வியாதிதான் அண்ணாச்சி. ரொட்டி தின்னு எத்தனையோ வருஷம் ஆச்சு. எனக்கு ஒரு ரொட்டி போட்டுத் தாங்க."

"உங்களுக்கு மைதா ஆகாதே."

"மைதா வேண்டாம். சீனி வேண்டாம். இங்க இருக்கிறதை வச்சுப் போடுங்க."

நாக்கைக் கொல்ல வந்தவனை அடுப்படிக்கு அனுப்புகிறாரே என்று லிங்கதுரைக்குப் பட்டது. ஆனாலும் எழுந்து போனார். கேட்டவர் அம்மா ஆயிற்றே.

சமையல்கட்டில் செல்லக்கனி இருந்தாள். மடத்துக்குச் சமைக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம். தேங்காய், நிலக்கடலை, ஆளி விதை, தயிர், ஆப்ப சோடா, இவ்வளவுதான் அவளால் எடுத்து வைக்க முடிந்தது.

லிங்கதுரை தேங்காய்ப்பூவை வறுத்துப் பொடித்தார். நிலக்கடலையைத் தோல் போக்கி இடித்தார். ஆளி விதைப் பொடியை வெந்நீரில் போட்டால் கொழகொழவென்று வரும். பிடிப்புக்கு அதைச் சேர்த்துக்கொண்டார். கனத்த சட்டியில் மணலைப் பரப்பி, உள்ளே தகரத்தட்டை இறக்கி, மூடிக்கு மேலேயும் கங்கு போட்டார். நெருப்பு அவர் சொன்னபடி கேட்டது. மாவு கேட்கவில்லை. வெந்து வந்தது தட்டையாக இருந்தது. எடுக்கும்போதே மூணாக உடைந்தது.

செல்லக்கனி எட்டிப் பார்த்தாள்.

"மாஸ்டரே, இது ரொட்டியா வரட்டியா?"

லிங்கதுரை தகரத்தட்டைச் சுரண்டினார்.

"வரட்டியாவது சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும்."

அம்மா உடைந்ததைத் தட்டில் அள்ளிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மெதுவாக மென்று சாப்பிட்டார்.

"உப்பு கம்மி. நீங்க சாப்பிட்டுப் பாத்தியளா?"

"இல்லம்மா. ரொட்டி மாஸ்டர் சாப்பிட்டுப் பாக்க மாட்டான். நிறத்தைப் பாப்பான். அடியில தட்டிப் பாப்பான். டம்முன்னு சத்தம் கேட்டா வெந்துட்டு."

"அப்போ ருசி?"

"அது வாங்குறவன் பாடு."

அம்மா சிரித்தார். லிங்கதுரை தன் தட்டில் அவித்த கீரையைப் போட்டுக்கொண்டு மூலைக்குப் போனார். சுவரைப் பார்த்துக்கொண்டே விழுங்கினார்.

மறுநாளும் போட்டார். அதற்கு மறுநாளும் போட்டார். தயிரைக் கூட்டினார், குறைத்தார். ஆளி விதையைக் கூடுதலாக ஊற வைத்தார். ரொட்டி உப்பவில்லை. காலையில் செல்லக்கனி அவரைக் கண்டாலே, "இன்னைக்கு எந்த மாடு?" என்று கேட்க ஆரம்பித்தாள். நடந்து வந்த பக்தர்கள்கூட அதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

வாலிபத்திலிருந்து மாவு பிசைகிற கை. ஒரு பயலும் அதைக் குறை சொன்னதில்லை.

நாலாவது நாள் அவர் கட்டுப் போட்ட காலோடு ரோட்டுக் கடை வரைக்கும் நடந்தார். இடுப்பில் ஒரு பொட்டலத்தைச் செருகிக்கொண்டு திரும்பி வந்தார். ஒரு கைப்பிடி மைதா. பிடிப்புக்கு மட்டும். மாவைத் தொட்டுப் பார்த்தார், போதாது என்று தோன்றியது. இன்னொரு கைப்பிடி. கை பழகிய அளவுக்குத் தானாகப் போய் நின்றபோது பொட்டலம் காலியாகியிருந்தது.

அன்றைக்கு ரொட்டி எழுந்து நின்றது. மேலே பொன் நிறம். அடியில் தட்டினால் டம்மென்ற சத்தம்.

செல்லக்கனி வாயில் கையை வைத்துக்கொண்டாள். "மாஸ்டருன்னா மாஸ்டர்தான்!"

அம்மா ஒரு துண்டு சாப்பிட்டார். இன்னொன்று கேட்டார். மறுபடியும் ஒன்று எடுத்தார். விரலில் ஒட்டினதைக்கூட நக்கினார். "தேங்காயும் கடலையும் இப்படி வருமா அண்ணாச்சி? இத்தனை வருஷம் தெரியாமப் போச்சே."

லிங்கதுரை தலை குனிந்துகொண்டு சிரித்தார். மடத்துக்கு வந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

மத்தியானத்துக்கு மேல் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "தலை கனக்கு" என்றார். செல்லக்கனி சர்க்கரை பார்க்கிற மிஷினை எடுத்து வந்தாள். அம்மா விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தார். வந்த எண்ணைப் பார்த்தார். மிஷினை லிங்கதுரை பக்கம் திருப்பித் தரையில் வைத்தார்.

இருநூற்று எழுபது.

"கடலைக்கு இவ்வளவு ஏறாதே அண்ணாச்சி."

லிங்கதுரை தன் கால் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மைதா போட்டேன்."

"எவ்வளவு?"

"ஒரு பொட்டலம்."

"அடப் பாவி மனுசா!" என்று செல்லக்கனி கத்தினாள். அம்மா அவளைக் கையமர்த்தினார். அவருக்குக் கோபம் வராமல் இல்லை. கோபப்படத் தெம்பு இல்லை.

"உங்க காலுக்குத் துணைக்கு என் காலையும் கூப்பிட்டியளாக்கும்."

"அம்மா..."

"எதுக்குப் போட்டிய?"

"உப்பலைன்னா அதை யாரும்மா தொடுவா? கண்ணாடிப் பெட்டியில வச்சா சாயங்காலம் வரைக்கும் அப்படியே கெடக்கும். பாக்குறவன் என்ன சொல்லுவான்?"

"இங்க எங்க கண்ணாடிப் பெட்டி இருக்கு?"

லிங்கதுரை சுற்றுமுற்றும் பார்த்தார். எழுந்து போய்க் கொடியில் கிடந்த வேட்டியை உருவிப் பையில் திணித்தார்.

"நான் கெளம்புதேன். நாக்கும் சாகல, ரொட்டியும் வரல. உங்களையும் கெடுத்துட்டேன். கால் போறதுன்னா போகட்டும். எனக்கு முடியல."

"போங்க. போறதுக்கு முன்னாடி இன்னொரு ரொட்டி போடுங்க."

"உங்களுக்கா? இனிமே என் கையால..."

"எனக்கு வேண்டாம். நான் இன்னைக்கு இனிமே பச்சைத்தண்ணிதான். உங்களுக்குப் போடுங்க."

சொல்லிவிட்டு அம்மா முற்றத்தில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். ஏறினதை நடந்துதான் இறக்க வேண்டும். மெதுவாக நடந்தார். ஒவ்வொரு சுற்றிலும் சமையல்கட்டு வாசலைக் கடந்து போனார். லிங்கதுரை பிசைகிற மாவை விட்டு நிமிர்ந்து பார்ப்பார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. காலை எடுத்து வைப்பதிலேயே அவர் கவனம் இருந்தது.

ரொட்டி வெந்தது. தட்டையாகத்தான் வந்தது. லிங்கதுரை அதைத் தட்டிப் பார்க்கவில்லை.

அம்மா உள்ளே வந்து எதிரே உட்கார்ந்தார். முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

"உக்காந்து சாப்பிடுங்க."

அவர் உட்கார்ந்தார். ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டார்.

"மென்னு சாப்பிடுங்க அண்ணாச்சி. யாரும் வந்து பிடுங்கப் போறதில்ல."

மென்றார்.

"உப்பு?"

"கொஞ்சம் தூக்கல்."

"ஓரம்?"

இன்னொரு விள்ளலை ஓரமாகப் பார்த்துப் பிட்டார். அதையும் மென்று முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"ஓரம் மொறுமொறுன்னு வந்திருக்கு. தேங்காய் செவந்த வாசனை இருக்கு. நடுவுல கடலை கொஞ்சம் பச்சையா நிக்கு, இன்னும் வறுத்திருக்கணும்."

"சரி."

"பன்னு மாதிரி இல்லம்மா."

"இல்லதான்."

அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். செல்லக்கனி வாசலில் நின்றாள். எந்த மாடு என்று கேட்கவில்லை. பாதி ரொட்டி முடிந்ததும் லிங்கதுரையின் கை நின்றது. போதும் என்று வயிறு சொன்னதை இந்த மனுஷர் எப்போது கடைசியாகக் கேட்டாரோ தெரியாது. மீதியைத் தட்டில் வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்குதேன். அளந்து போட்டு, குத்திப் பாத்து, ஒவ்வொரு நாளும் இதே பாடு. ஊரெல்லாம் பன்னு தின்னும், நான் இதைத் தின்னணும். எத்தனை நாளைக்கு? சாகுற வரைக்குமா?"

அம்மா குத்தின விரலைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் களைப்பாகத்தான் இருந்தது. தட்டில் கிடந்த மீதியை எடுத்து, வாயில் வைக்காமல், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போய் மோந்து பார்த்தார்.

"நாளைக்கு இதுல கொஞ்சம் ஓமம் போட்டுப் பாருங்க அண்ணாச்சி."