அருவி வெட்டின வாத்தும் வெளிநடப்பு பண்ணின தவளையும்

ஒரு காட்டுல தாமரைக்குளம்னு ஒரு குளம். தாமரை ஒண்ணுகூட கெடையாது. பேரு மட்டும்தான்!

அந்தக் குளத்துக்கு ஒரு அரசாங்கம் இருந்துச்சு. சபையில வாத்து பன்னெண்டு பேரு, தவளை பத்துப் பேரு, மீனு மூணு பேரு. வாத்துங்கதான் ஆளுங்கட்சி. தலைவரு பேரு பொன்னலகு. அலகு என்னமோ எல்லா வாத்து மாதிரி மஞ்சள்தான். தவளைங்க எதிர்க்கட்சி. அவங்க தலைவரு தொண்டையன். அவரு பேசினா அடுத்த காட்டுல தூங்குற ஆந்தை எந்திரிச்சு, "யாருய்யா அது?"ன்னு கேக்கும்!

ஒரு நாளு பொன்னலகு மலைப்பக்கம் பறந்து போனாரு. அங்க ஒரு அருவியைப் பாத்துட்டாரு. அவ்வளவுதான், வயிறு எரிஞ்சுபோச்சு!

பட்ஜெட் நாளு வந்துச்சு. பொன்னலகு ஒரு அரச எலையை விரிச்சு வெச்சுக்கிட்டு, நெஞ்சை நிமித்தி வாசிச்சாரு.

"குளத்துப் பெருமக்களே! ஊரெல்லாம் அருவி இருக்கு, நம்மகிட்ட இருக்கா? அதனால மேக்குக் கரையை வெட்டுறோம்! நம்ம தண்ணி பள்ளத்துல சோன்னு விழும்! எல்லாக் காட்டுலேருந்தும் மானும் மயிலும் வந்து பாக்கும்!"

வாத்துங்க எல்லாம் றெக்கையை அடிச்சு ஆரவாரம் பண்ணுச்சு. "குவாக்! குவாக்!"

தொண்டையன் ஒரே தாவுல ஒசந்த அல்லி எலை மேல ஏறிட்டாரு.

"தலைவரே! வருசத்துக்கு வர்ற தண்ணி எவ்வளவு?"

"ஒரு பங்கு."

"அருவியில போற தண்ணி?"

"மூணு பங்கு."

"மிச்சம் ரெண்டு பங்கு யாரு வீட்டுத் தண்ணி?"

"அதுக்குப் பேரு பற்றாக்குறை," அப்படின்னாரு பொன்னலகு, ஏதோ பலகாரத்துக்குப் பேரு சொல்ற மாதிரி. "பயப்படாதீங்க! யானைங்ககிட்ட கடன் பேசியாச்சு. ஆத்துலேருந்து தும்பிக்கையில கொண்டாந்து ஊத்துவாங்க. பதிலுக்கு அடுத்த வருசம் பெய்யிற மொத மூணு நாள் மழை அவங்க சேத்துக் குளியலுக்கு!"

"அடப்பாவி! இன்னும் பெய்யாத மழையை வித்துட்டியா?" தொண்டையனுக்குக் கழுத்து பந்து மாதிரி உப்பிப்போச்சு. "வடக்கு வாய்க்கால் மூணு வருசமா தூந்து கெடக்கு! அதைத் தோண்டினா மழைத்தண்ணி நேரா குளத்துக்கு வரும்! அதுக்கு இந்த எலையில எவ்வளவு ஒதுக்கியிருக்கே?"

பொன்னலகு எலையைத் திருப்பிப் பாத்தாரு. மறுபடியும் திருப்பினாரு. "அது... அடுத்த வருசம் பாக்கலாம்."

"கேட்டீங்களாய்யா! வர்ற வழியை அடைச்சு வெச்சுட்டு, போற வழியை வெட்டுறாரு! இது பட்ஜெட்டா, இல்ல ஓட்டைச் சட்டியா?"

சொன்னதுல ஒரு எழுத்து தப்பு கெடையாது! மீனுங்க மூணு பேரும் வாயைப் பொளந்துக்கிட்டுக் கேட்டாங்க. அதுல வெள்ளையம்மான்னு ஒரு கெண்டை. அன்னைக்குக் காலையிலதான் கெழக்குக் கோரையில முட்டை போட்டுட்டு வந்திருந்தா. முட்டைக்கு மேல மூணு சாண் தண்ணி. பொரிக்க அஞ்சு நாளு.

"அண்ணன் பேச்சு அருமை!" வெள்ளையம்மா சந்தோசத்துல சுத்திச் சுத்தி நீந்தினா. "நீங்க பத்து, நாங்க மூணு. பதிமூணு ஓட்டு! பட்ஜெட் காலி!"

அப்பத்தான் தொண்டையன் கையை ஒசத்திக் கத்தினாரு. "இந்த அநியாயத்தை எதுத்து நாங்க வெளிநடப்பு செய்றோம்!"

ஒரே தாவு! கரைக்குப் போயிட்டாரு. பின்னாடியே ஒம்போது தவளையும் தொப்பு தொப்புன்னு தாவிடுச்சு. பாக்க என்னமோ ஜோராத்தான் இருந்துச்சு!

பொன்னலகு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. "ஓட்டுக்கு விடலாமா?"

வாத்துங்க றெக்கையைத் தூக்குச்சு. பன்னெண்டு. எதுத்து மீனுங்க வாலைத் தூக்குச்சு. மூணு.

"நிறைவேறியது!"

மறுநாளே காட்டுப்பன்னிங்க வந்து மூக்காலயே மேக்குக் கரையைக் கொடஞ்சு தள்ளிடுச்சு. தண்ணி சோன்னு கொட்டுச்சு! மான் வந்துச்சு, மயில் வந்துச்சு, கொரங்குங்க குடும்பத்தோட வந்து குளிச்சுச்சு. பொன்னலகு அருவிக்கு மேல நின்னு, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் தலையை ஆட்டினாரு.

பொழுது சாயறதுக்குள்ள குளம் ஒரு சாண் எறங்கிடுச்சு.

வெள்ளையம்மா அலறியடிச்சுக்கிட்டு ஓடியாந்தா. "தலைவரே! என் முட்டைக்கு மேல ரெண்டு சாண் தண்ணிதான் இருக்கு!"

"அம்மா, அந்த சத்தம் கேக்குதா? அதான் வளர்ச்சி!"

"சத்தத்துல முட்டை பொரிக்குமாய்யா?"

"யானை வருதும்மா, யானை வருது!"

யானை வந்துச்சு. ஒரு தும்பிக்கை தண்ணியை ஊத்துச்சு. வெயில்ல நடந்து வந்த களைப்புல ரெண்டு தும்பிக்கை குடிச்சுட்டுப் போச்சு! மறுநாளும் ஒரு சாண் எறங்கிடுச்சு.

மூணாம் நாள் காலையில வெள்ளையம்மா கரையோரம் போயி தலையை நீட்டினா. அங்க ஒரு பாறை மேல தொண்டையன் கூட்டம் போட்டுக்கிட்டிருந்தாரு.

"நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

"சொன்னாரு! சொன்னாரு! சொன்னாரு!" ஒம்போது தவளையும் கத்துச்சு.

"ரெண்டு சாண் எறங்கும்னு சொன்னேனா?"

"சொன்னாரு! சொன்னாரு!"

"அண்ணே!" வெள்ளையம்மா கூப்பிட்டா. "சபையைத் திரும்பக் கூட்டலாம். நீங்க உள்ள வந்து கையைத் தூக்கினாப் போதும். பதிமூணு ஓட்டு. கரையை அடைச்சுடலாம்!"

தொண்டையன் குனிஞ்சு கிசுகிசுத்தாரு. "அவசரப்படாத தங்கச்சி. இப்பவே அடைச்சா அந்த வாத்து தப்பிச்சுக்குவான். இன்னும் ரெண்டு சாண் எறங்கட்டும். அப்பத்தான் ஜனத்துக்குப் புரியும்!"

"என் முட்டை ஒரு சாணுல இருக்குண்ணே!"

"அரசியல்ல கொஞ்சம் பொறுமை வேணும்மா."

வெள்ளையம்மாவுக்கு எங்கேருந்துதான் அவ்வளவு கோவம் வந்துச்சோ! "பொறுமையா? வாத்துக்கு றெக்கை இருக்கு, பறந்துடுவாரு. ஒனக்குக் காலு இருக்கு, தாவிடுவே. நீ வெளிய குதிச்சா வெளிநடப்பு. நான் வெளிய குதிச்சா கருவாடு!"

ஒம்போது தவளையும் தலைவரைத் திரும்பிப் பாத்துச்சு.

"அது கெடக்கட்டும்," அப்படின்னா வெள்ளையம்மா. "ஒன் தலைப்பிரட்டைங்க எங்க இருக்கு?"

"அதுங்க... கெழக்குக் கோரையில."

"என் முட்டைக்குப் பக்கத்து வீடு! ஒண்ணுக்காவது காலு மொளச்சிருக்கா?"

தொண்டையனுக்கு ஏற்கெனவே பிதுங்கின கண்ணு. அது இன்னும் பிதுங்கி வெளிய வந்துடுச்சு! காலு வந்ததுலேருந்து, காலில்லாம இருந்த நாளை அவரு மறந்தே போயிட்டாரு. வாழ்க்கையில மொதத் தடவையா, பேச்சை பாதியில விட்டுட்டுக் குளத்துக்குள்ள தாவினாரு.

"மூணு பேரு கேட்டா பட்ஜெட்டைத் திரும்ப ஓட்டுக்கு விடணும், அது குளத்துச் சட்டம்!" வெள்ளையம்மா சபை நடுவுல போயி வாலால தண்ணியை அடிச்சா. "மீனுங்க மூணு பேரும் கேக்குறோம்!"

பொன்னலகு கொஞ்சம்கூட அசரல. தவளைங்க வரிசையா வந்து உக்காந்ததைப் பாத்தாரு. இவனை எப்படி வெளிய அனுப்புறதுன்னு அவருக்கா தெரியாது?

"வாய்யா தொண்டையா! தொண்டையைத் தவிர ஒன்கிட்ட என்ன இருக்கு?"

தொண்டையனோட பின்னங்காலு துடிச்சுச்சு.

"ஓட்டுப் போட வந்தியா, ஈ புடிக்க வந்தியா?"

காலு ரெண்டும் எலையை அழுத்துச்சு. ஒம்போது தவளையும் தாவத் தயாராயிடுச்சு!

"அண்ணே! காலை மடக்கு!" வெள்ளையம்மா கத்தினா.

"ஒங்கப்பனும் இப்படித்தான் கத்திக்கிட்டே செத்தான்!"

"காலை மடக்குண்ணே! மடக்கு!"

தொண்டையன் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாரு. ரெண்டு காலையும் வயித்துக்கு அடியில இழுத்து, அது மேலயே உக்காந்துட்டாரு. அப்படியே கையைத் தூக்கினாரு.

ஒண்ணு, ரெண்டு, மூணு... பத்துக் கை! மூணு வாலு! பதிமூணு!

பொன்னலகு எண்ணிப் பாத்தாரு. திரும்ப எண்ணினாரு. எத்தனை தடவை எண்ணினாலும் பன்னெண்டு பன்னெண்டாத்தான் இருந்துச்சு.

"நான் ராஜினாமா!" அப்படின்னு சொல்லிட்டு ஜிவ்வுன்னு மலை அருவிப் பக்கம் பறந்துட்டாரு.

அப்புறம் என்ன ஓட்டம்ங்கறீங்க! தவளைங்க வாயில களிமண்ணு கவ்விக்கிட்டு ஓடுச்சு. வாத்துங்களும் சும்மா இருக்கல. தண்ணி வத்தி வயிறு சேத்துல ஒரசினதுல அதுங்களுக்கும் புத்தி வந்துடுச்சு. பட்டைக் காலால தொம் தொம்முனு மிதிச்சுக் கரையைக் கெட்டி பண்ணுச்சு. கடைசிச் சொட்டு நின்னப்போ முட்டைக்கு மேல நாலு வெரக்கடை தண்ணி! ஓரத்துல இருந்த முட்டை கொஞ்சம் காஞ்சு போச்சு. வெள்ளையம்மா அதைச் சுத்தி ஒரு தடவை நீந்திட்டு, மிச்சத்துக்குக் காவலா வந்து நின்னா.

சாயங்காலம் பெரிய யானை வந்து நின்னுச்சு. "அடுத்த வருசம் மொத மூணு நாள் மழை எங்களுக்கு. ஞாபகம் இருக்குல்ல?"

"கடன் வாங்கினவரு மலையில இருக்காரே!" அப்படின்னாரு தொண்டையன்.

"கடன் குளத்துலதானே இருக்கு!" அப்படின்னுட்டு யானை போயிடுச்சு.

அஞ்சாம் நாளு முட்டை பொரிச்சுச்சு. ஊசி முனை மாதிரி குஞ்சுங்க தலைப்பிரட்டைங்களோட சேந்து ஓடிப்புடிச்சு வெளையாடுச்சு. தொண்டையன் நெஞ்சு நெறஞ்சு பாறை மேல ஏறினாரு. "பெருமக்களே! இந்தக் குளத்தை யாரு காப்பாத்தினா?"

"அண்ணே, தாராளமாப் பேசுங்க," அப்படின்னா வெள்ளையம்மா. "ஆனா வடக்கு வாய்க்கால்ல எறங்கி, மண்ணை அள்ளிக்கிட்டே பேசுங்க. நாங்க இங்கேருந்து கேக்குறோம். ஒங்க தொண்டைக்கு அது ஒரு தூரமா?"

வீண்செலவு பண்றவன் பறந்துடுவான், வெறும் வாயால திட்டுறவன் தாவிடுவான். அதனால ஓட வழியில்லாதவன் கஷ்டத்தை மொதல்ல பாக்காத சர்க்காரும் உருப்படாது, அவனோட கூட நிக்காத எதிர்க்கட்சியும் உருப்படாது!