மிட்டாதாரின் மதகும் கெளுத்திச் சினையும்

ஆற்றை மதகு போட்டு அடைத்துத் தன் தோப்புக்கு மட்டும் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார் மிட்டாதார் கோதண்டம். கீழே ஊர்ப் பயிரெல்லாம் கருகியது. அதைப் பற்றி அவருக்கென்ன? அவருக்குக் கெளுத்திச் சினை வறுவல் தின்ன ஆசை.

மீன்காரி ஒச்சம்மாவைக் கூப்பிட்டார். "திருவிழா விருந்துக்குச் சினைக் கெளுத்தி வரணும். இல்லேன்னா ஆத்துல ஒருத்தரும் வலை போடக் கூடாது."

"மதகுக்குக் கீழ மடுவுல கெளுத்தி கெடக்குங்கய்யா. ஆனா புதுத் தண்ணி பட்டாத்தான் சினை முத்தும். மதகைத் திறந்துவிடுங்க."

நாக்கு ஊறியவர் திறந்துவிட்டார். ஊர் வயல் நனைந்தது.

விருந்தன்று ஒச்சம்மா கொண்டுவந்த கெளுத்தியின் வயிற்றைச் சமையல்காரர் கீறினார். உள்ளே ஒரு முட்டைகூட இல்லை.

"எங்கடி சினை?" என்றார் மிட்டாதார்.

"புதுத் தண்ணியக் கண்டதும் முட்டை போட்டிருச்சுங்கய்யா. பிள்ளைத்தாச்சிக்கு வலி வந்தா, உங்க விருந்து வரைக்கும் பொறுத்திருப்பாளா?"

"மூடுங்கடா மதகை!" என்று கத்தினார் மிட்டாதார்.

"மூடுங்க. குஞ்செல்லாம் தண்ணியில்லாமச் சாகட்டும். திறந்து கெடந்தா ரெண்டு வருசத்துல அத்தனையும் வளந்து சினை பிடிக்கும்."

மிட்டாதார் எச்சிலை விழுங்கினார். மதகு திறந்தே கிடந்தது. அவர் வறுவல் தின்பதற்குள் ஊர் நாலு போகம் அறுத்துவிட்டது.