பசுவில் தொடங்கிய பட்டியல்

பாளையங்கோட்டையில் ஸ்கூல் வேன் ஓட்டுகிற அருளப்பனுக்குக் கல்லீரல் சுருங்கிப்போயிருந்தது. ஒரு சொட்டுக் குடித்தவரில்லை. சர்க்கரையும் தொப்பையும் சேர்ந்து செய்த வேலை. இதைத் தெருவுக்குப் புரியவைக்கப் போய் அவர் மனைவி ஜெசிந்தாவுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். "சும்மாவா ஈரல் கெடும்?" என்று கேட்ட எதிர்வீட்டுக்காரியோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

கோடை விடுமுறை தொடங்கியபோது டாக்டர் கனகவல்லியிடம் போனார்கள். வயிற்றின் மேல் கருவியை வைத்து ஈரல் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று பார்க்கும் ஸ்கேன், ரத்தத்தில் பிளேட்லெட் எனும் தட்டணு எண்ணிக்கை, இரண்டும் தேவலை. உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்திருக்கிறதா என்று தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்க இப்போதைக்கு அவசியமில்லை என்றார் டாக்டர். ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். அவசரப்பட்டுவிட்டாள்.

"ஒரு நிமிஷத்துல உங்களுக்குத் தெரிஞ்ச மிருகமெல்லாம் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அருளப்பன் ஏழு சொல்லிவிட்டு நின்றார். அதில் ஆடு இரண்டு முறை.

ஈரல் வடிகட்டாமல் விடும் கழிவு மூளையை மந்தமாக்கும், ஆள் பார்க்க நன்றாக இருக்கும்போதே இந்தச் சின்னச் சோதனை காட்டிக்கொடுக்கும் என்று டாக்டர் விளக்கினார். கழிவு வயிற்றோடு போக ஒரு சிரப் எழுதினார். "ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடி வாங்க. அதுவரைக்கும் வண்டியைத் தொடக் கூடாது."

வேன் சாவி ஜெசிந்தாவின் கைப்பைக்குள் போனது. பள்ளி திறக்கும் அன்று வண்டி வராவிட்டால் அந்தத் தடத்தை வேறு ஒருவன் எடுத்துக்கொள்வான். போனால் போனதுதான்.

கான்வென்டில் படித்தவளுக்குப் பரீட்சை என்றால் தெரிந்த வழி ஒன்றுதான். காலைக் காபியோடு ஆரம்பித்துவிடுவாள். முதலில் வீட்டு மிருகம், பிறகு காட்டு மிருகம், கடைசியில் தண்ணீரில் இருப்பவை. தடுக்கினால் மறுபடி முதலிலிருந்து. சிஸ்டர்கள் அவளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்தது அப்படித்தான்.

"ஏட்டி, மனுசன மிருகக்காட்சி சாலை ஆக்குதியே."

"கழுதையை விட்டுட்டீங்க. பசுவுலேருந்து வாங்க."

சிரப்பை மட்டும் அவர் பாதிதான் ஊற்றிக்கொள்வார். "அதைக் குடிச்சா நாலு தடவை ஓட வேண்டியிருக்கு. ஸ்கூல் தொறந்த பொறவு வேன்ல புள்ளைகளை வச்சிட்டு எங்கன ஓட?" நியாயமாகத்தான் பட்டது ஜெசிந்தாவுக்கு. மத்தியானமெல்லாம் தூங்கி ராத்திரி கொட்டக் கொட்ட முழித்திருந்தார். சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு மாதா கோயிலுக்குக் கிளம்பினார். விடுமுறைச் சோம்பல் என்று விட்டுவிட்டாள்.

மறுபடி டாக்டரிடம் போனார்கள். கையை நீட்டி, வண்டியை நிறுத்தச் சொல்லும் போலீஸ்காரரைப் போல உள்ளங்கையைக் காட்டச் சொன்னார் டாக்டர். கை படபடக்கவில்லை. அடுத்து, மிருகங்கள்.

"பசு, எருமை, ஆடு, நாய், பூனை, கழுதை, குதிரை, ஒட்டகம்..."

நர்ஸ் கதவைத் திறந்து ஏதோ கேட்டாள். அருளப்பன் திரும்பிப் பார்த்துச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

"பரவாயில்லை, சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"பசு, எருமை, ஆடு, நாய், பூனை, கழுதை, குதிரை, ஒட்டகம், யானை, சிங்கம், புலி..." திமிங்கலம் வரை மூச்சு விடாமல் ஓடியது. முடித்ததும் மனைவியிடம் கையை நீட்டினார். அவளும் பெருமையோடு கைப்பையைத் திறந்தாள்.

"சாவி உள்ளேயே இருக்கட்டும்மா" என்றார் டாக்டர்.

ஒரு மிருகத்தையும் விடாமல் சொன்னவருக்கு டாக்டர் ஏன் சாவியைக் கொடுக்க விடவில்லை? அவரைக் காட்டிக்கொடுத்தது எது?

விடை: யோசித்துச் சொல்கிறவர் நின்ற இடத்திலிருந்து, யானையிலிருந்தோ நரியிலிருந்தோ, தொடர்வார். மனப்பாடம் செய்தவர்தான் பசுவுக்குத் திரும்புவார். சந்தேகம் வந்ததும் டாக்டர் காய்கறிப் பெயர்களைக் கேட்டார். "கத்திரிக்காய், வெண்டைக்காய்" என்றார் அருளப்பன். வெகுநேரம் கழித்து இன்னொரு கத்திரிக்காய். காட்டிக்கொடுத்தது, தடுக்கினால் முதலிலிருந்து என்று ஜெசிந்தா வைத்த சட்டமேதான். தடத்தை வேறு ஆள் எடுத்துக்கொண்டான். இப்போது சிரப்பை அவளே அளந்து ஊற்றி, இறங்கும்வரை பக்கத்தில் நிற்கிறாள். "அடுத்த தடவை அந்தம்மா என்னத்தக் கேப்பா?" என்று அருளப்பன் கேட்டார். "தெரியாது" என்றாள். தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.