கனகசபைக்குச் செய்த தொண்டு

“சாமி, வயித்தைக் கிழிச்சுத் தைச்ச டாக்டரு, புண்ணு ஆறிப்போச்சுங்கறார். பழைய கனகசபை எங்கே போனான்னு மட்டும் சொல்லமாட்டேங்கறார். உங்களுக்காவது தெரியுமா?”

கேட்ட கனகசபைக்கு எழுபதுக்கு மேல் வயது. பதில் சொல்லவேண்டிய மடத்துச் சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆகாவிட்டால் என்ன, குரு குருதான்.

“இப்ப இருக்கிறவர் யாரு?” என்றார் சாமி.

“அதுதானே தெரியலை! குடல்ல ஓட்டை விழுந்து, திடீர்னு அள்ளிப்போட்டுக்கிட்டுப் போனாங்க. மாசக்கணக்காச்சு. இன்னும் வேட்டி கட்டிவிட ஆள் வேணும். நாளைக்கு மகன் வந்து என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறான். இந்த மடத்தை விட்டுப் போனா நான் செத்த மாதிரிதான் சாமி.”

கண் கலங்கிவிட்டது அவருக்கு.

மடத்துக்காரர்களைக் குறை சொல்லவும் முடியாது, பாவம். நோயில் கிடந்த அடியாருக்குத் தொண்டு செய்தால் புண்ணியம். விடுவார்களா? குளிப்பாட்ட ஒருவர், வேட்டி கட்டிவிட ஒருவர், சோற்றைப் பிசைந்து கொடுக்க ஒருவர் என்று அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கனகசபையின் கைக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கவில்லை.

சாமி கொஞ்சம் யோசித்தார்.

“நாளைக்குக் காலையில உங்களுக்குத் தொண்டு செய்ய நானே வரேன். வேற யாரும் வரக்கூடாது.”

கனகசபைக்கு ஒன்றும் விளங்கவில்லை. குருவாவது, சீடனுக்குத் தொண்டு செய்வதாவது!

விடிந்ததும் சாமி சொன்னபடியே வந்து நின்றார். கொடியில் கிடந்த வேட்டியை எடுத்து உதறினார். கனகசபையின் இடுப்பில் சுற்றக் குனிந்தார்.

“ஐயையோ! அபச்சாரம் சாமி, அபச்சாரம்!”

பதறிப்போய் வேட்டியைப் பிடுங்கினார் கனகசபை. சுவரில் சாய்ந்துகொண்டு தானே சுற்றினார். செருகிய முனை நழுவியது. மறுபடியும் சுற்றினார்.

சாமி தண்ணீர்ச் சொம்பை எடுத்தார். “கால் கழுவி விடட்டா?”

“என்னை நரகத்துக்கு அனுப்பப் பாக்கறீங்களா?”

சொம்பு கை மாறியது. பாதித் தண்ணீர் தரைக்குப் போனது.

சாமி இட்லியைப் பிட்டு ஊட்டப் போனார். கனகசபை தட்டையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மூச்சு வாங்கியது. தழும்பு இழுத்தது. கோபம் கோபமாக வந்தது. நேற்றுவரை நன்றாக இருந்த மனுஷருக்கு என்ன வந்தது இன்றைக்கு?

“உங்களுக்கு என்னதான் ஆச்சு சாமி?”

“தொண்டு செய்ய வந்தேன். நீங்கதான் விடமாட்டேங்கறீங்க.”

அதற்குள் மகன் கதிரேசன் வந்துவிட்டான். அப்பாவின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

“கார் வெளியில நிக்குது. என் கையைப் பிடிச்சுக்குங்கப்பா.”

கனகசபை சுவரைப் பிடித்து எழுந்தார். வேட்டி ஒரு பக்கம் முழங்காலுக்கு ஏறியிருந்தது, மறுபக்கம் தரையைக் கூட்டியது. பழைய கனகசபை இப்படிக் கட்டமாட்டார்.

“நான் போகவா, இருக்கவா சாமி? ஒண்ணுமே புரியலையே.”

“என்னைக் கேட்டா? வேட்டியை நானா கட்டினேன்?”

கனகசபை குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். நழுவப்போன முனையைத் தானே இழுத்துச் செருகினார்.

பிறகு, “பையைக் கீழே வைடா” என்றார் மகனிடம்.