நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்

மடத்துக்கு வந்து சேர்ந்த மூன்று வருடங்களில், தெய்வசிகாமணி சிரித்துக் குரு பார்த்தது அன்று காலையில்தான். சீடருக்கு ஐம்பத்தாறு வயது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. துறவுக்கு முன்னால் பத்திரம் எழுதிப் பிழைத்தவர்.

"தாண்டிருச்சு சாமி. பங்கு நூத்தியெட்டு."

மனைவி வடிவு நிலம் விற்று வைத்திருந்த பணத்தை அவளிடம் சொல்லாமல் எடுத்து, ஒரு நூற்பாலையின் வாரண்டு என்ற சீட்டுகளை வாங்கியவர் தெய்வசிகாமணி. சீட்டு ஒன்று பன்னிரண்டு ரூபாய். கெடுவுக்குள் அந்த ஆலையின் பங்கை நூறு ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளும் உரிமை அது. மறுமாதமே பங்கு அறுபதுக்கு விழுந்தது. வடிவின் முகத்தில் விழிக்க முடியாமல் இங்கே வந்தார்.

"லாபம் வந்துருச்சு, வர்றேன்னு வடிவுக்குப் போன் பண்ணிட்டேன்."

குரு பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒருத்தர் ஒரு மனைக்குப் பன்னிரண்டாயிரம் அச்சாரம் கொடுத்தார். லட்ச ரூபாய்க்குக் கிரயம். அச்சாரம் விலையில் கழியாதுன்னு எழுதச் சொன்னாங்க, எழுதினேன். மனை லட்சத்து எட்டாயிரம் ஆனதும் எங்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார்."

"எட்டாயிரம் லாபம்…" என்று ஆரம்பித்த சீடர் நிறுத்திக்கொண்டார்.

"லட்டு நல்லா இருந்தது" என்றார் குரு.

தெய்வசிகாமணி விரல்விட்டு எண்ணினார். எத்தனை முறை எண்ணினாலும் நாலு ரூபாய் உதைத்தது. மூன்று வருடம் நூறு, நூறு என்றே ஜபித்தவனுக்குப் பன்னிரண்டு எப்படி மறந்தது?

"நூத்திப் பன்னிரண்டைத் தாண்டணும்."

"அதுக்கு மேலதான் உங்களுது. இப்ப சீட்டை வித்தா?"

"ஒன்பதே கால்."

"எட்டு ரூபா பெறுற சீட்டை ஒன்பதே காலுக்கு எந்தப் பைத்தியக்காரன் வாங்குவான்?"

"கெடுவுக்கு ஒன்பது நாள் இருக்கே சாமி. ஏறாதான்னு ஒரு ஆசை."

"ஒண்ணேகால் ரூபா ஆசை. பங்கு இதே விலையில் நின்னா?"

"நாளாக நாளாகக் குறையும். கடைசி நாள் வெறும் எட்டு."

குரு அடுத்த துண்டை எடுத்தார். தெய்வசிகாமணி எழுந்துகொள்ளவில்லை.

"ஒன்பது நாள் பார்க்கிறேன். நூத்திப் பன்னிரண்டு ஆகட்டும், போறேன்."

"வடிவம்மா போன்ல என்ன சொன்னாங்க?"

"பணம் வந்ததாலயா வர்றீங்கன்னு கேட்டா."

"நீங்க?"

"ஆமான்னேன்."

"அவங்க?"

"வச்சுட்டா."

குரு அரிவாள்மணையை மடக்கினார்.

"வந்த புதுசுல, வெறுங்கையோட வந்தாப் போதும்னு கூப்பிடுவாங்களே."

"முதல் வருஷம் மாசாமாசம் கூப்பிட்டா."

"ரெண்டாவது வருஷம்?"

"ரெண்டு தடவை."

"இந்த வருஷம்?"

தெய்வசிகாமணி தரையில் கிடந்த பூசணி விதைகளைப் பார்த்தபடி இருந்தார். இந்தக் கணக்குக்கு விரல் தேவைப்படவில்லை.

"அவ கெடு எதுவும் வைக்கலையே சாமி."

"கெடு எல்லாத்துக்கும் உண்டு. தேதி போட்டுக் கொடுக்கிறது சீட்டுக்கு மட்டும்தான்" என்றார் குரு.