சுண்டல் காசின் விலை

தீர்ப்புச் சொல்ல அவசரப்படாமல் கேளுங்கள்.

நாகர்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஜெஸிந்தா, நாசர், திருமேனி என்ற மூன்று நண்பர்கள் விளையாட்டாக ஒரு கிரிப்டோ நாணயம் உருவாக்கினார்கள். நோட்ஸ் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாணயம், கேன்டீனில் இடம் பிடித்து வைத்தால் ஒன்று. வாசலில் சுண்டல் வாங்கித் தருவதும் அதில்தான் என்றானபோது, 'சுண்டல்' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. மழை அடிக்கும் மதியங்களில், கம்ப்யூட்டர் லேபில் ஒரே நாற்காலியில் இரண்டு பேர் ஒட்டி உட்கார்ந்து அதை எழுதிய நாள்களை நினைத்தால் ஜெஸிந்தாவுக்கு இன்றும் முகம் மலர்ந்துவிடும்.

"நமக்கு என்ன தெரிஞ்சாலும், சுண்டல் வச்சிருக்க எல்லாருக்கும் அதே நேரத்துல தெரியணும் மக்கா" என்று அன்று நாசர் சொல்ல, மூவரும் கையடித்துச் சத்தியம் செய்தார்கள்.

பத்து ஆண்டுகள் ஓடின. இணையச் சந்தை ஒன்றில் சுண்டல் பத்துப் பைசாவுக்குத் தூங்கிக் கிடந்தது. பழைய மாணவர்கள் நினைவுக்காக வைத்திருந்தார்கள். திடீரென்று ஒரே மாதத்தில் அது நாற்பது ரூபாய் ஆனது. வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் ஒன்று வாங்குகிறது என்று பேச்சு.

விடுதித் தோழி அமலி போன் செய்தாள். "ஏட்டி ஜெஸி, எங்கிட்ட இருபதாயிரம் சுண்டல் கெடக்கு. எங்க வீட்டுக்காரருக்குக் கிட்னி ஆபரேஷனுக்கு எட்டு லட்சம் வேணும். சந்தைக்காரங்க எனக்குப் பண்ற அடையாளச் சோதனை முடிஞ்சதும் வெள்ளிக்கிழமை வித்துருவேன்."

ஜெஸிந்தா சந்தோஷமாகப் பரிவர்த்தனைகளைத் திறந்து பார்த்தாள். சந்தோஷம் வடிந்துவிட்டது. அந்த நிறுவனத்தின் இரண்டு கணக்குகள் ஒரே ஐம்பதாயிரம் நாணயங்களைத் தங்களுக்குள்ளேயே விற்று வாங்கி, ஒவ்வொரு முறையும் விலையை ஏற்றிக்கொண்டிருந்தன. வெளியாரிடம் அவை இப்போது ஒன்றும் வாங்குவதில்லை. பத்துப் பைசாவுக்கு அள்ளியதைக் கூட்டம் சேர்ந்ததும் அதன் தலையில் கட்டுவதுதான் திட்டம். இத்தனை சின்னச் சந்தையை ஆட்டிவைக்க அவர்களுக்குச் சில லட்சங்களே போதுமாயிருந்தது.

புதன்கிழமை மற்ற இருவருக்கும் சொன்னாள்.

"பழைய பசங்களுக்கு மட்டும் ரகசியமா சொல்லிருவோம். முதல்ல அவங்க தப்பிக்கட்டும்" என்றான் நாசர். அப்படியே செய்தான். பலர் விற்றுத் தப்பினார்கள்.

திருமேனியோ யாரிடமும் சொல்லாமல் அன்றே தன் நாணயங்களை எல்லாம் விற்று, கிடைத்த எட்டு லட்சத்தையும் அமலிக்கு அனுப்பினான். பணக்கார நிறுவனத்திடம் பிடுங்கி நோயாளிக்குக் கொடுத்ததாக அவனுக்கு நிம்மதி.

இது தெரியாத ஜெஸிந்தா, வியாழன் காலை, அமலியை நினைத்து அழுதுகொண்டே, கண்டதை எல்லாம் பொதுவில் எழுதிவிட்டாள். மதியத்துக்குள் சுண்டல் மறுபடி பத்துப் பைசா.

மூவருமே யாரையோ காப்பாற்ற நினைத்தவர்கள். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: ஜெஸிந்தா செய்ததே. நிறுவனம் வெளியாரிடம் வாங்கவில்லை என்றால், திருமேனியும் நாசரின் நண்பர்களும் விற்றதை வாங்கியது யார்? விலையை நம்பி வந்த அப்பாவிகள்தான். ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்தது நிறுவனமல்ல, அவர்கள். இதை உணர்ந்த திருமேனி மாதாமாதம் அவர்கள் கணக்குகளுக்குத் திருப்பி அனுப்பி வருகிறான். அமலியின் கணவர் தேறிவிட்டார். அமலி மட்டும் ஜெஸிந்தாவின் போனை இன்னும் எடுப்பதில்லை.